தயாளமும் கணக்கும்

"கஷ்டம் என்று போய் நின்றால் எங்கள் முதலாளி கைவிட மாட்டார்" என்று சேரன்மகாதேவிப் பக்கத்தில் பெருமையாகச் சொல்லக் கேட்கிறேன். எனக்கு இந்தப் பெருமையில் பங்கு வேண்டாம்.

பக்கத்துப் பத்தமடை பாய்க்குப் பேர் போனது; இந்த வட்டாரத்துப் பெண்கள் பலருக்கு வயிற்றுப்பாடு என்னவோ பீடியில்தான். மடியில் தட்டு, கையில் கத்தரி, ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. குழந்தைக்குக் காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்கு ஓடினால் அன்று கூலி கிடையாது. வரும்படி நிற்கிற நாளில்தான் செலவு வாசலில் வந்து நிற்கிறது.

அப்போது ஏஜெண்ட் ஆயிரமோ இரண்டாயிரமோ முன்பணமாக நீட்டுகிறார். நல்ல மனிதர்தான். ஆனால் அடுத்த வாரம் இலை மட்டமாக வந்தாலும், சுற்றிய பீடியில் ஒரு கை கூடுதலாகக் கழித்துத் தள்ளினாலும், அவள் வாய் திறக்க முடியுமோ? கடனுக்காக உழைப்பைப் பிணைப்பதை 1976-ஆம் ஆண்டுக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் குற்றமாக்கிவிட்டது. இந்த மௌனத்தைப் பிடிக்கத்தான் எந்தச் சட்டத்துக்கும் கை நீளவில்லை.

அவளுக்கென்று சொந்தப் பணம் இல்லாமலா இருக்கிறது? வருங்கால வைப்பு நிதி 1977-லேயே பீடித் தொழிலுக்கு வந்துவிட்டது. வீட்டிலிருந்து சுற்றுகிறவள் தங்கள் தொழிலாளியே அல்ல என்று முதலாளிமார் உச்ச நீதிமன்றம் வரை வாதாடி, 1985-ல் தோற்றார்கள். வைத்தியச் செலவுக்கு அந்த நிதியிலிருந்து எடுக்கலாம். ஆனால் கம்பெனி ஏட்டில் அவள் முத்துலட்சுமி, ஆதாரில் முத்துலெட்சுமி! ஏட்டில் பெயரே ஏறாமல் அடுத்தவள் பாஸ் புத்தகத்தில் சுற்றுகிறவளுக்கு அதுவும் இல்லை.

முதலாளி தயாளம் காட்ட வேண்டாம். சுற்றுகிறவள் பெயரை ஏட்டில் ஏற்றட்டும். எழுத்துப் பிழையை, நோய் வருமுன், தன் குமாஸ்தாவை விட்டுத் திருத்தட்டும். அன்றுவரை சுற்றியதற்கான கூலியைக் கேட்ட அன்றே கொடுக்கட்டும். அதற்கு மேலும் முன்பணம் கொடுப்பதானால், வட்டியில்லாமல், சீட்டு எழுதி, சிறு தவணையாகப் பிடிக்கட்டும். வேறு கம்பெனிக்குப் போகிறவளை வழிமறிக்காமல் இருக்கட்டும்.

"கட்டுப்படியாகிற காரியமா ஐயா?" என்பார்கள். 1966-ஆம் வருஷத்துப் பீடித் தொழிலாளர் சட்டம் அமலுக்கு வந்தபோது, 1968-ல் கண்ணூரில் முதலாளிமாரும் இதையே சொல்லித்தான் பட்டறைகளை மூடினார்கள். வேலை போனவர்கள் 1969-ல் தினேஷ் பீடிக் கூட்டுறவை அமைத்து, அதே பீடியைச் சுற்றி, அந்தச் சட்டத்தின் உரிமைகளையும் கொடுத்துப் பல்லாண்டு நடத்தினார்கள். பிற்பாடு பீடி விற்பனை சரிந்தபோதும் கதவைச் சாத்தவில்லை. குடையும் தேங்காய்ப் பாலும் தயாரிக்க இறங்கிவிட்டார்கள்.