அம்மா திருப்பிக் கொடுத்த கடிதம்

அப்பாவும் பிள்ளையும் முகம் கொடுத்துப் பேசாத வீட்டில் அம்மாதான் தபால்காரர். "அப்பாவிடம் சொல்லிவிடு, அம்மா" என்பான் பிள்ளை. "உன் அருமைப் புத்திரனிடம் சொல்லி வை" என்பார் அப்பா. கூடத்துக்கும் சமையலறைக்கும் நடந்தே அம்மாவுக்குக் கால் ஓய்ந்துவிடும். இது நம் ஊர் சமாசாரம் மட்டும் என்று நினைக்காதீர்கள். பிராக் நகரத்திலும் இதே கதைதான்.

பிரான்ஸ் காஃப்கா என்ற எழுத்தாளருக்குப் பகலில் இன்ஷ்யூரன்ஸ் ஆபீஸ் உத்தியோகம், இரவில் எழுத்து. 1912 செப்டம்பர் 22-ந் தேதி இரவு பத்து மணிக்கு உட்கார்ந்தவர், மறுநாள் காலை ஆறு மணிக்கு ஒரு சிறுகதையை முடித்துவிட்டு எழுந்தார். அப்போது அவருக்கு வயது 29. கதையின் பெயர் 'தீர்ப்பு'.

கெயோர்க் ஒரு வாலிப வியாபாரி. தாயில்லாதவன். தன் கல்யாண நிச்சயத்தைப் பற்றி ருஷ்யாவிலுள்ள சிநேகிதனுக்குக் கடிதம் எழுதிவிட்டு, அதைச் சொல்ல அப்பாவின் அறைக்குப் போகிறான். தளர்ந்துபோன கிழவரைக் குழந்தைபோல் தூக்கிக் கட்டிலில் விட்டுப் போர்த்துகிறான். அவ்வளவுதான்! கிழவர் போர்வையை உதறிவிட்டுக் கட்டில்மேலேயே எழுந்து நிற்கிறார். வாயில் வந்தபடி வைகிறார். கடைசியில், நீரில் மூழ்கிச் சாகும்படி தீர்ப்பும் சொல்கிறார். பிள்ளை ஓடிப்போய்ப் பாலத்திலிருந்து ஆற்றில் விழுகிறான். விழுமுன், பெற்றோரை எப்போதும் நேசித்ததாக மெதுவாகச் சொல்லிவிட்டு விழுகிறான்.

'அப்பா சொன்னால் ஒருவன் உயிரை விடுவானா?' என்று கேட்கத் தோன்றும். சண்டைக்கு நிற்கிற பிள்ளைக்கு அப்பாவின் சொல் துச்சம் என்று நாம் நினைக்கிறோம். அது பெரிதாகப் படுவதால்தானே சண்டையே வருகிறது!

காஃப்காவின் தகப்பனார் கடை வைத்து முன்னுக்கு வந்த மனிதர். பிள்ளையின் எழுத்தை அவர் பொருட்படுத்தவில்லை. 1919-ல் காஃப்கா அவருக்கு நூறு பக்கத்துக்கு மேல் ஒரு கடிதம் எழுதினார். சிறு வயதில் ஓர் இரவு தண்ணீர் கேட்டு அழுததற்காகத் தம்மை வெளியே தாழ்வாரத்தில் நிறுத்திக் கதவைச் சாத்தியதைக்கூட மறக்காமல் எழுதினார். நேரே நீட்டத் தைரியமில்லை, அம்மாவிடம் கொடுத்தார். அம்மா அதைப் பிள்ளையிடமே திருப்பிக் கொடுத்துவிட்டதாக அவருடைய சிநேகிதர் மாக்ஸ் பிராடு எழுதியிருக்கிறார். 1924-ல் காஃப்கா காலமானார். 1931 வரை உயிரோடிருந்த அப்பாவின் கைக்கு அந்தக் கடிதம் போகவேயில்லை.

அந்த அம்மாவைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வீட்டில் புயல் வேண்டாமே என்று நினைத்திருப்பாள். ஆனாலும், அடுத்த தடவை "அப்பாவிடம் நீயே சொல்லிவிடு, அம்மா" என்று உங்கள் பிள்ளை வந்து நின்றால், இரண்டு டம்ளர் காபியை அவன் கையில் கொடுத்துக் கூடத்துக்கு அனுப்பிப் பாருங்களேன்!