ஸ்டோர் சாவி யார் கையில்?



2020 மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கிப் பள்ளிகள் மூடப்பட்டிருந்த காலத்தில்தான் கிள்ளான் வட்டாரத்துத் தோட்ட வீடுகள் பலவற்றுக்குக் கணினி வந்து சேர்ந்தது. லோயாட் பிளாசாவில் வாங்கிய பழைய மடிக்கணினி, அல்லது சித்தப்பா வீட்டில் ஒதுக்கிப் போட்டது. எதுவானாலும் வீட்டுக்கு ஒன்றுதான். மகளின் பாடம், மகனின் விளையாட்டு, அப்பாவின் சேமநிதிக் கணக்கு எல்லாம் அதில்தான். அன்று அவசரத்தில் திறந்த ஒரே கணக்கைத்தான் இன்றும் வீடு முழுவதும் புழங்குகிறது. இம்மாதம் அதைப் பற்றிப் பேசுவோம்.

தோட்டத்து ஸ்டோரை நினைத்துப் பாருங்கள். உரம், களைக்கொல்லி, கத்தி எல்லாம் உள்ளே, சாவி கிராணியிடம். வேண்டியதைக் கேட்டு வாங்கிக்கொள்வோமே தவிர, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு காட்டுக்குப் போவதில்லை. விண்டோஸ் கணினியிலும் அப்படித்தான். அட்மினிஸ்ட்ரேட்டர் என்னும் கணக்கு கிராணியின் சாவி. அது உள்ளவர் எந்தச் செயலியையும் சேர்க்கலாம், வைரஸ் காவலை நிறுத்தலாம், மற்றவர் கடவுச்சொல்லையும் மாற்றலாம். ஸ்டாண்டர்ட் கணக்கில் படிக்கலாம், எழுதலாம், அச்செடுக்கலாம். கணினியின் அடிமடியில் கை வைக்க முடியாது. முதன்முதலில் உருவாக்கும் கணக்கு தானாகவே அட்மினிஸ்ட்ரேட்டர் ஆகிவிடுகிறது. தம்பி இலவச விளையாட்டு என்று எதையோ இறக்கி, "யெஸ்" என்று ஒரு தட்டுத் தட்டினால், சாவி அந்தச் செயலியின் கைக்குப் போய்விடும்.

"பெத்த பிள்ளைகிட்டயே ஒளிச்சு வைக்கணுமா சார்?" என்று ஒரு தாயார் என்னிடம் கேட்டார். பிள்ளையை நம்பலாம் அம்மா. அவன் இறக்குகிற சரக்கைத்தான் நம்ப முடியாது. தகப்பனாரும் அன்றாடம் ஸ்டாண்டர்ட் கணக்கில்தான் புழங்க வேண்டும்.

செட்டிங்ஸில் அக்கவுண்ட்ஸ் பகுதிக்குப் போங்கள். அதர் யூசர்ஸ் என்ற இடத்தில் புதிய கணக்கு ஒன்றைச் சேர்த்து, அதை அட்மினிஸ்ட்ரேட்டர் ஆக்கிக் கடவுச்சொல் கொடுங்கள். பிறந்த தேதியும் கார் எண்ணும் வேண்டாம். அதில் ஒருமுறை நுழைந்து பார்த்துவிட்டு, அங்கிருந்தபடியே பழைய கணக்கை ஸ்டாண்டர்ட் ஆக மாற்றுங்கள். வரிசையை மாற்ற வேண்டாம். கடவுச்சொல்லை ஒரு தாளில் எழுதிப் பிறப்புப் பத்திரங்களோடு பூட்டி வையுங்கள்.

இதோடு முடிந்துவிடவில்லை. கணினியே ஒருவர் கைக்குப் போனால், ஒரு பென்டிரைவை வைத்துக் கடவுச்சொல்லைச் சுற்றிக்கொண்டு உள்ளே போக வழி உண்டு. அதைத் தடுப்பது டிவைஸ் என்கிரிப்ஷன். எல்லாக் கணினியிலும் இராது, இருந்தால் போட்டுவிடுங்கள். அதற்கு 48 இலக்க மீட்பு எண் உண்டு. அதைத் தொலைத்தால் பிள்ளைகளின் படங்கள் உங்களுக்கே கிடைக்காமல் போகலாம். ஆகவே அதுவும் அந்தத் தாளில் ஏறட்டும். பழுது பார்க்கும் கடையில் கடவுச்சொல்லைச் சொல்லாதீர்கள், நீங்களே தட்டுங்கள். முடியாவிட்டால், வீடு திரும்பியதும் மாற்றிவிடுங்கள். விண்டோஸ் 10 வைத்திருப்போருக்கு ஒரு வார்த்தை: அதன் வழக்கமான இலவசப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 அக்டோபர் 14உடன் நின்றுவிட்டன.

வளர்ந்த பையன்கள் சிலர் நண்பன் கணினியில் புகுந்து எதையாவது மாற்றிவிட்டுச் சிரிக்கிறார்கள். 1997ஆம் ஆண்டுக் கணினிக் குற்றச் சட்டப்படி, அனுமதியின்றி மாற்றினால் 100,000 வெள்ளி வரை அபராதம், 7 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். வீட்டில் சொல்லி வையுங்கள்.

போலீஸ் என்றோ வங்கி என்றோ தொலைபேசியில் பேசி, ஒரு செயலியை இறக்கச் சொல்கிறவனை ஸ்டாண்டர்ட் கணக்கும் தடுத்துவிடாது. நீங்கள்தான் தொலைபேசியை வைக்க வேண்டும். பணம் போய்விட்டதென்று தெரிந்தால், அக்கம்பக்கத்தில் யோசனை கேட்டுக்கொண்டிராமல் உடனே 997ஐ அழையுங்கள்.