பேட்டரி மேல பழி போடாதீங்க

பழைய புல்லட் வச்சிருக்கிற நகரத்து நண்பர்களுக்குத்தான் இதை எழுதுறேன். கோபமாத்தான் எழுதுறேன்.

லைட் மங்குதா? பேட்டரி மாத்து. ஹாரன் கம்முதா? பேட்டரி மாத்து. டவுன் பட்டறைகள்ல இப்ப இது ஒண்ணுதான் வைத்தியம். கிணத்துல தண்ணி இருந்தும் தொட்டிக்கு ஏறலேன்னா நாங்க தொட்டியை இடிச்சுட்டு வேற கட்டுறதில்ல. மோட்டார் ஓடுதா, ஃபுட் வால்வு பிடிக்குதா, பைப் எங்கயாவது உடைஞ்சிருக்கான்னு பார்ப்போம். பேட்டரியும் தொட்டிதான். அதுவா கரண்டு உண்டாக்காது.

திருவொற்றியூர்ல செஞ்ச வண்டி இது. அந்தக் கால இரும்பு எஞ்சின் புல்லட்ல ஹெட்லைட்டுக்கு மேலயே ஒரு அம்மீட்டர் வச்சுக் குடுத்தான். அதை அழகுக்குன்னு நினைச்சுக்கிறாங்க போல. ஐடில்ல ஹெட்லைட் போட்டா முள் மைனஸ் பக்கம் சாயும், அது சகஜம். ஆக்சிலேட்டர் முறுக்கினா நடுவுக்கு வந்து பிளஸ் பக்கம் போகணும். போகாம மைனஸ்லயே கிடந்தா வண்டி பேட்டரியைத் தின்னுக்கிட்டு ஓடுதுன்னு அர்த்தம். பாயின்ட் வச்ச வண்டியில ஸ்பார்க்குக்கும் அதே பேட்டரிதான். ராத்திரி மும்முனை மின்சாரம் வர்ற நேரம் பார்த்து மோட்டார் போடக் காட்டுக்குப் போறவனுக்கு, நடுவழியில வண்டி அணைஞ்சா பாம்பும் பள்ளமும்தான் துணை. உங்களுக்கு ஞாயித்துக்கிழமை ரைடு கெடும், அவ்வளவுதான்.

ஐநூறு ரூபாய்க்குள்ள ஒரு மல்டிமீட்டர் கிடைக்கும். பேட்டரியைக் கழற்றி வெளியில முழுசா சார்ஜ் போட்டு, ஒரு ராத்திரி சும்மா வச்சிருந்து அளந்து பாருங்க. 12.6 வோல்ட் பக்கம் நின்னா அது நல்ல பேட்டரி. எதுலயும் மாட்டாமலே 12-க்குக் கீழ இறங்கிடுச்சுன்னா மட்டும் கடைக்குப் போங்க.

நல்ல பேட்டரியை மாட்டி, ஹெட்லைட் போட்டு, எஞ்சினை நடுத்தர வேகத்துல வச்சு, பேட்டரி முனையிலேயே அளக்கணும். 13.8-லேர்ந்து 14.5-க்குள்ள காட்டினா சார்ஜ் ஏறுது. 15-ஐத் தாண்டினா ரெகுலேட்டர் கட்டுப்படுத்தலேன்னு அர்த்தம். பேட்டரித் தண்ணி வத்தும், பல்பு பொசுங்கும். அப்பவும் பட்டறையில பேட்டரியைத்தான் திட்டுவாங்க.

12 சொச்சத்துலயே கிடந்தா? எஞ்சினை நிறுத்தி, ஸ்டேட்டர்லேர்ந்து வர்ற பிளக்கைக் கழற்றி, மறுபடி ஸ்டார்ட் பண்ணி அந்த வயருங்களுக்கு நடுவுல ஏ.சி. வோல்ட் அளங்க. முறுக்க முறுக்க ஏறணும். ஏறலேன்னா காயில்லயோ வயர்லயோ கோளாறு. ஸ்டேட்டர் இடது பக்க செயின் கேஸுக்குள்ள எண்ணெயிலயே கிடக்குது. பல வருஷம் ஊறின வயர்த்தோல் வெடிக்கும், அதையும் பாருங்க. ஏ.சி. நல்லா ஏறுதுன்னா காயிலை விட்டுடுங்க. மிச்சம் ரெகுலேட்டர், இணைப்பு, எர்த் மூணுதான்.

இந்த எர்த்தைத்தான் ஒருத்தரும் தொடமாட்டேங்கிறாங்க. எங்க ஊர்ப் பால்காரர் ஒருத்தர், அப்பா வச்சிருந்த புல்லட்டை டவுன்ல குடுத்துப் புதுசா பெயிண்ட் அடிச்சு வாங்கினார். கண்ணாடி மாதிரி மினுங்குச்சு. பத்து மாசத்துல மூணு பேட்டரி! ஒவ்வொண்ணுக்கும் ரெண்டாயிரத்துக்கு மேல. பால் காசு அது, மாட்டுத் தீவனத்துக்குப் போக வேண்டியது. ஒரு தடவைகூட அந்தப் பட்டறையில மீட்டர் வெளிய வரல. எங்க களத்துல நிறுத்தி அளந்தோம். எஞ்சின் முறுக்கினா பேட்டரியில 12.4. ரெகுலேட்டர் உடம்புல ஒரு முனை, பேட்டரி மைனஸ்ல ஒரு முனை வச்சா 1.6 வோல்ட் காட்டுது. அங்க கிட்டத்தட்ட ஒண்ணுமே இருக்கக் கூடாது. போல்ட்டைக் கழட்டினா அடியில முழுக்கப் புதுப் பெயிண்ட். இரும்பும் இரும்பும் தொடவே இல்ல. உப்புத்தாள் வச்சுத் தேய்ச்சு முடுக்கினோம். செலவு உப்புத்தாள்தான்.

மினுக்குறதுக்குக் காசு வாங்கத் தெரிஞ்சவனுக்கு ஒரு போல்ட்டுக்கு அடியில சுரண்டத் தெரியாதா? தெரியும். சுரண்டினா பில் போட முடியாது.

நீங்களும் சும்மா இல்ல. 55 வாட் பல்பு இருந்த இடத்துல 100 வாட், கூடவே லாரி ஹாரன், செல்போன் சார்ஜர். நூறு வாட்டுன்னாலே எட்டு ஆம்பியர் தாண்டுது. சிக்னலுக்கு சிக்னல் ஐடில்ல நிக்கிற வண்டியில அந்தப் பழைய ஆல்டர்னேட்டர் எங்கேர்ந்து குடுக்கும்? இதுக்குப் பேர் ரீஸ்டோர் பண்றதாம்.

இன்னொண்ணு. எஞ்சின் ஓடும்போது பேட்டரி வயரைப் பிடுங்கி “சார்ஜ் ஆகுதா பாரு”ன்னு வேடிக்கை காட்டுறவங்க இருக்காங்க. வோல்டேஜ் எகிறி ரெகுலேட்டரும் பல்பும் சேர்ந்தே போகும். அப்படிக் கை நீட்டுனா தடுத்துடுங்க.

பால்காரர் ஒதுக்கிப் போட்ட பேட்டரிகளை வாங்கி வந்து சார்ஜ் போட்டுப் பார்த்தேன். ரெண்டு தேறல. ஒண்ணு மறுநாளும் 12.6-ல நிக்குது. இப்ப என் மருந்தடிக்கிற ஸ்ப்ரேயர் அதுலதான் ஓடுது.