மகளுக்கு ஊசி! தாய்க்கு?

"ஊசிதான் வந்துவிட்டதே, இனிச் சோதனை எதற்கு?"

இப்படி ஒரு கேள்வி கிளம்பியிருக்கிறது. கருப்பைவாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் ஊசி வந்துவிட்டது. பள்ளிச் சிறுமியர்க்கு அதைப் போட்டுவிட்டால் நோய் தொலைந்தது. பிறகு ஏன் முப்பது வயதைத் தாண்டிய பெண்களை எல்லாம் ஆஸ்பத்திரிக்கு அழைத்து, படுக்கவைத்துப் பார்த்து, பதிவேட்டில் எழுதி, பணத்தையும் பொழுதையும் பாழாக்க வேண்டும் என்கிறார்கள்.

கேட்பவர் எல்லாம் கெட்ட எண்ணத்தோடு கேட்கிறார்கள் என்று நாம் கூறமாட்டோம். கணக்குப் பார்க்கிறவர் கேட்கிறார். வேலைப்பளுவில் களைத்துப்போன செவிலியர் கேட்கிறார். "போனால் ஒருநாள் கூலி போச்சே" என்று பெண்களே கேட்கிறார்கள். கேட்கட்டும்! கேள்வி கேட்பதுதானே பகுத்தறிவு! ஆனால், கேட்டவர் பதிலையும் கேட்டுக்கொண்டு போக வேண்டும் அல்லவா?

அரசியல் ஏட்டில் இதென்ன பெண்பிள்ளை விவகாரம் என்று முகம் சுளிக்கும் தோழர் எவரேனும் இருப்பின், முதற்கண் அவருக்கே சொல்கிறோம். 2022ஆம் ஆண்டில் மட்டும் இந்தியாவில் ஏறத்தாழ 1,27,000 பெண்களுக்கு இந்நோய் புதிதாகக் கண்டது. ஏறத்தாழ 80,000 பேர் மாண்டனர். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு தந்த மதிப்பீடு இது. வகுத்துப் பாருங்கள்: ஏழு நிமிடத்துக்கு ஒருத்தி! இந்தத் தலையங்கத்தைப் படித்து முடிப்பதற்குள் ஒருத்தி! யார் அவர்கள்? மாளிகை மாதரா? இல்லை. பெரும்பாலும் நாற்று நடுபவள், கல் உடைப்பவள், பீடி சுற்றுபவள், நம் வீட்டில் உலை வைப்பவள். இது அரசியல் இல்லை என்றால் வேறு எதுதான் அரசியல்?

ஊசியை நாம் குறைத்துப் பேசவில்லை. வாழ்த்தி வரவேற்கிறோம். எச்.பி.வி. என்ற நுண்கிருமியே இந்நோய்க்கு வேர் என்று கண்டுபிடித்ததற்காக, ஜெர்மானிய அறிஞர் ஹரால்ட் சூர் ஹவுசனுக்கு 2008இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. கர்மவினை என்றும், தலையெழுத்து என்றும், குலசாமிக் குற்றம் என்றும் கூறப்பட்ட ஒன்று, கண்ணாடிச் சில்லில் வைத்துக் காட்டக்கூடிய கிருமியின் வேலை என்றாயிற்று. அந்த அறிவிலிருந்து பிறந்ததே ஊசி. 2023 தொடக்கத்தில் நம் நாட்டிலேயே தயாரான செர்வாவாக் ஊசியும் விற்பனைக்கு வந்தது. 2025 மார்ச்சில் தமிழக நிதிநிலை அறிக்கை, 14 வயது மாணவியர்க்கு இதைப் படிப்படியாகப் போட 36 கோடி ரூபாய் ஒதுக்கியது. நல்ல காரியம்; நாலு பேர் பாராட்ட வேண்டிய காரியம்.

ஆனால், ஒன்று மறக்கப்படுகிறது. ஊசி, கிருமி உடலில் புகாமல் தடுக்கும் காவற்காரன். ஏற்கெனவே புகுந்துவிட்டதை விரட்டும் வல்லமை அதற்கு இல்லை. அதனால்தான் சிறு வயதிலேயே போடச் சொல்கிறார்கள். இன்று ஊசி போட்டுக்கொள்ளும் 14 வயதுச் சிறுமி 44 வயதை எட்ட முப்பது ஆண்டுகள் வேண்டும். ஊசியின் முழு விளைச்சலை அப்போதுதான் அறுவடை செய்வோம். அதுவரை? அந்தச் சிறுமியின் தாய்க்கு என்ன வழி? மகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டுக் களையெடுக்கப் போகிறாளே முப்பத்தெட்டு வயதுக்காரி, அவளுக்கு எந்த ஊசி? "நீ முந்திப் பிறந்துவிட்டாய், அது உன் குற்றம்" என்று அவளிடம் சொல்லிவிடலாமா?

அவளுக்கு உள்ள வழி சோதனை. சோதனை ஒன்றுதான்!

அது பயன்தரும் வழியா என்று கேட்போர், இந்த நோயின் நடையைக் கவனிக்க வேண்டும். ஓடிவந்து அடிக்கும் நோயல்ல இது. எச்.பி.வி. கிருமி, வாழ்நாளில் பெரும்பாலோரை ஒருமுறையேனும் தொட்டுவிட்டுப் போகிறது. பலருக்கு ஓரிரு ஆண்டுகளில் தானே மறைந்தும் விடுகிறது. சிலரிடம் மட்டும் தங்கிவிடும். தங்கிய கிருமி, கருப்பை வாயின் தோலை மெல்ல மெல்ல மாற்றி, அது புற்றாக முற்றுவதற்குப் பொதுவாகப் பதினைந்து, இருபது ஆண்டுகள் ஆகின்றன. திருடன் வீட்டுக்குள் நுழையும் முன் பதினைந்து ஆண்டு வாசல் திண்ணையிலேயே குந்தியிருக்கிறான்! எட்டிப் பார்த்தால் பிடித்துவிடலாம். பிடித்தால், பெரிய அறுவையும் வேண்டாம், கதிர் வைத்தியமும் வேண்டாம். மாறிய தோலைக் குளிரவைத்தோ, சுட்டோ சில நிமிடத்தில் நீக்கிவிடலாம். அன்றே வீட்டுக்குத் திரும்பலாம். எட்டிப் பார்க்காத வீட்டில்தான் இழவு விழுகிறது.

இதற்குச் சான்று தேடி நாம் சீமைக்குப் போக வேண்டியதில்லை. திண்டுக்கல்லுக்குப் போனால் போதும். 2000ஆம் ஆண்டில் அந்த மாவட்டத்துச் சிற்றூர்களில் ஓர் ஆராய்ச்சி தொடங்கிற்று. 30 முதல் 59 வயதுவரை உள்ள பெண்களில் 49,311 பேருக்குச் சோதனை செய்து கொள்ளும் வாய்ப்புத் தரப்பட்டது. சோதனைக்குக் கருவி என்ன? பயிற்சி பெற்ற செவிலியர், ஒரு விளக்கு, சமையலறையில் புழங்கும் வினிகர் வகை! நீர்த்த அசெட்டிக் அமிலத்தைத் தடவினால், கெட்டுப்போகும் தோல் வெள்ளையாகத் தெரியும். அவ்வளவுதான். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக 30,958 பெண்கள் வழக்கமான வைத்தியத்தோடு விடப்பட்டனர். முடிவு 2007இல் உலகப் புகழ்பெற்ற லான்செட் ஏட்டில் வெளிவந்தது. சோதனைக்கு அழைக்கப்பட்ட ஊர்களில் நோய் நூற்றுக்கு 25 குறைந்தது. சாவு நூற்றுக்கு 35 குறைந்தது. ஒரே ஒரு சுற்றுச் சோதனையில்!

ஒப்பிடுவதற்காக விடப்பட்ட பெண்களில் 2006க்குள் 92 பேர் மாண்டனர். அவர்களைச் சோதனையின்றி விட்டது அறமா என்ற வழக்கு, பிற்பாடு மருத்துவ உலகில் எழுந்தது. நியாயமான வழக்கு என்றே நாம் கருதுகிறோம். அந்த ஏழைப் பெண்கள் உயிரைக் கொடுத்து உலகுக்குக் கற்றுத்தந்த பாடத்தை, அவர்கள் பிறந்த தமிழ்நாட்டிலேயே 'இனித் தேவையா' என்று கேட்பதுதான் நமக்குச் சுடுகிறது.

மறுபக்கத்தையும் மறைக்காமல் சொல்லவேண்டும். மராட்டிய மாநிலத்தில் உஸ்மானாபாத் மாவட்டம், இன்றைய பெயர் தாராசிவ். அங்கே நடந்த இன்னொரு பெரிய ஆராய்ச்சியில் அதே வினிகர் முறை சாவைக் குறிப்பிடத்தக்க அளவு குறைக்கவில்லை. திண்டுக்கல்லில் வென்றது அங்கே வெல்லவில்லை. ஆனால், அங்கே வேறொன்று வென்றது. எச்.பி.வி. கிருமியையே நேராகத் தேடும் சோதனை, ஆயுளில் ஒரே ஒருமுறை செய்யப்பட்ட 34,126 பெண்கள் கொண்ட குழுவில், எட்டாண்டில் இந்நோயால் இறந்தவர் 34 பேர். சோதனை ஏதுமில்லாத 31,488 பேரில் இறந்தவர் 64. ஏறத்தாழப் பாதிக்குப் பாதி! மும்பைக் குடிசைப் பகுதிகளிலோ, பத்தாம் வகுப்புப் படித்த பெண்களுக்குப் பயிற்சி தந்து, இரண்டாண்டுக்கு ஒருமுறை வினிகர் சோதனை செய்ததில் சாவு நூற்றுக்கு 31 குறைந்ததாக 2014இல் முடிவு வந்தது. ஆக, வினிகர் முறை பார்ப்பவரின் கண்ணையும் பயிற்சியையும் நம்பி நிற்கிறது. ஐம்பதைக் கடந்த பெண்களிடம் அது தடுமாறவும் செய்கிறது. கிருமிச் சோதனை அப்படித் தடுமாறுவதில்லை. சோதனை வேண்டுமா என்பதல்ல, எந்தச் சோதனை என்பதே இனி வழக்காக இருக்கவேண்டும். கிருமிச் சோதனையையே முதற் சோதனையாகக் கொள்ளும்படி உலக சுகாதார நிறுவனம் 2021இல் பரிந்துரைத்துவிட்டது.

"ஆண்டுக்கணக்கில் அலைய வேண்டுமே!" என்போர்க்கும் இதிலேயே விடை உண்டு. அந்நிறுவனம் 2030க்கு வைத்துள்ள குறி என்ன? நூற்றுக்கு எழுபது பெண்கள், 35 வயதுக்குள் ஒருமுறை, 45க்குள் மறுமுறை நல்ல சோதனை செய்துகொள்ள வேண்டும். ஆயுளில் இரண்டே முறை! ஒரு கல்யாணத்துக்கு எத்தனை முறை ஜவுளிக் கடைக்குப் போகிறோம், எண்ணிப் பாருங்கள்.

சோதனையில் தொல்லையே இல்லை என்று சொல்லவும் நாம் தயாரில்லை. திண்டுக்கல்லில் பார்க்கப்பட்ட 31,343 பேரில் 3,088 பேருக்கு 'சந்தேகம்' என்று வந்தது. அவர்களில் எல்லாருக்கும் நோய் இருக்கவில்லை. இல்லாத நோய்க்கு நடுங்கிய நாட்கள் அந்தப் பெண்களுக்கு இருந்திருக்கும். இது உண்மை. தானே மறையக்கூடிய மாறுதலுக்கும் சிலர் வைத்தியம் செய்துகொள்ள நேர்கிறது. அதுவும் உண்மை. ஆகவே இருபது வயதுப் பெண்ணையெல்லாம் இழுத்துவந்து சோதிக்க வேண்டாம் என்று அறிஞர் கூறுவதை ஏற்கிறோம். முப்பதில் தொடங்கினால் போதும், எச்.ஐ.வி. உள்ள பெண்கள் மட்டும் இருபத்தைந்தில் தொடங்கவேண்டும். தொல்லை உண்டு என்பதற்காகச் சோதனையே வேண்டாம் என்பது, புகை வருகிறது என்று அடுப்பையே இடிப்பதாகும்.

இன்னொரு வாதம்: சென்னையில் இந்நோய் தானாகவே குறைந்துவருகிறதே! ஆம். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954இல் எழுந்த அடையாறு புற்றுநோய் மருத்துவமனை, 1980களிலிருந்து சென்னை நகரின் கணக்கைப் பேணிவருகிறது. அன்று பெண்களிடையே முதலிடத்தில் இருந்தது கருப்பைவாய்ப் புற்று. இன்று அந்த இடத்துக்கு மார்பகப் புற்று வந்துவிட்டது. பெண் படித்தாள், திருமணம் தள்ளிப்போயிற்று, பிள்ளைப்பேறு குறைந்தது, கழிவறையும் தண்ணீரும் கிடைத்தன. இவையே காரணம் என்று ஆய்வாளர் கருதுகின்றனர். குழந்தைமணத்தை எதிர்த்தவர்கள் எத்தனை உயிரைக் காத்தார்கள் என்பதற்கு இதுவும் ஒரு சாட்சி! ஆனால் நகரம் பெற்ற நன்மை நாட்டுப்புறத்துக்கு வந்து சேரும்வரை கையைக் கட்டிக்கொண்டு இருங்கள் என்றால், அது தருமமா?

ஊசியில் முந்திய நாடுகள் சோதனையைத் தூக்கி எறிந்தனவா? ஸ்காத்லாந்தில், 12, 13 வயதில் ஊசி போட்டுக்கொண்ட பெண்களிடையே ஒருத்திக்குக்கூட இந்தப் புற்று காணப்படவில்லை என்று 2024இல் அறிவித்தார்கள். அப்பேர்ப்பட்ட வெற்றி! ஆயினும் அங்கே சோதனை நிற்கவில்லை. ஆஸ்திரேலியா 2017 டிசம்பரில் பழைய ஈராண்டுச் சோதனையை விட்டு, ஐந்தாண்டுக்கு ஒருமுறை கிருமிச் சோதனைக்கு மாறியது. இடைவெளியை நீட்டினார்கள், கதவைச் சாத்தவில்லை. ஏன்? எச்.பி.வி.யில் பல வகை. 16, 18 என்ற இரு வகைகளே நூற்றுக்கு எழுபது நோய்க்குக் காரணம். நம் செர்வாவாக் அந்த இரண்டையும் தடுக்கும். மீதி முப்பது? ஊசி போட்டவளும் முப்பது வயதில் ஒருமுறை எட்டிப் பார்க்கவேண்டும் என்பது அதனால்தான்.

சரி, இங்கே நிலை என்ன? 2019–21இல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், 30 முதல் 49 வயதுப் பெண்களில் இச்சோதனையை எப்போதாவது செய்துகொண்டவர் இந்தியாவில் நூற்றுக்கு 1.9. தமிழ்நாட்டில் 9.8. நாட்டிலேயே நாம் முன்னணியில் என்று மார்தட்டலாம். நூற்றுக்குத் தொண்ணூறு பேர் வெளியே நிற்கிறார்களே என்று தலைகுனியவும் வேண்டும். பத்துப் பேருக்கு ஒருத்திகூடப் போகாத கோயிலைப் பார்த்து, 'கூட்டம் போதும், நடையைச் சாத்து' என்கிறவரை என்னவென்பது!

அவர்கள் ஏன் வரவில்லை? திண்டுக்கல்லில் செவிலியர் ஊர்தேடி வந்தும், நூற்றுக்கு 36 பேர் வரவில்லை. மாறுதல் கண்டுபிடிக்கப்பட்டவர்களிலும் வைத்தியம் பெற்றவர் நூற்றுக்கு 72 பேரே. கூச்சம், பயம், கூலி. இந்த மூன்றோடு நான்காவதாக ஒன்று உண்டு. அது நாம்தான், தோழர்களே! "என்ன நோவு உனக்கு? நல்லாத்தானே இருக்கே" என்று சொல்லும் கணவன். நோய் கண்டால், "இது எப்படி வந்தது?" என்று சந்தேகக் கண்ணோடு பார்க்கும் கணவன். கேளுங்கள்: இந்தக் கிருமி ஆணின் உடலிலும் இருக்கும், எந்தக் குறியும் காட்டாமல் இருக்கும். ஒருவனையே மணந்து, ஒருவனோடே வாழ்ந்த உத்தமிக்கும் அது வரும். யாரிடமிருந்து வரும் என்பதை விளக்கவும் வேண்டுமோ? கற்பை அவள் பக்கம் மட்டும் எழுதிவைத்த பழைய ஏட்டைக் கொண்டு இந்த நோயைப் படிக்காதீர்கள்.

தொழிற்சங்கங்கள் இதைக் கையிலெடுக்க வேண்டும். ஆலையிலும் தோட்டத்திலும் பெண் தொழிலாளிக்குச் சோதனைக்கென அரைநாள் கூலியோடு விடுப்பு கேளுங்கள். போனஸ் கேட்டு வாங்கத் தெரிந்த சங்கத்துக்கு இதைக் கேட்கத் தெரியாதா? சர்க்காரிடம் நாம் கேட்பது: கிருமிச் சோதனை எல்லா ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் வரட்டும். அதற்கான மாதிரியைப் பெண் தானே எடுத்துத் தரலாம், கூச்சமும் குறையும். 'சந்தேகம்' என்று வந்தவளை அன்றைக்கே கவனிக்க ஆள் இருக்கட்டும். வராதவளைத் தேடிப் போகப் பதிவேடு இருக்கட்டும். மாதவிலக்கு இல்லாத நாளில், அல்லது அது நின்று போனபின் உதிரம் கண்டாலோ, உறவுக்குப் பின் கண்டாலோ, துர்நாற்றத்தோடு நீர் பட்டாலோ, முகாம் வரும் என்று காத்திராமல் அன்றே டாக்டரிடம் போகவேண்டும் என்பதையும் வீட்டில் சொல்லிவையுங்கள்.

வருகிற கிளைக் கூட்டத்தில் இதை ஒரு பொருளாக எடுத்துக்கொள்ளக் கோருகிறோம். உங்கள் பக்கத்து சுகாதார நிலையத்தில் எந்தக் கிழமை, எத்தனை மணிக்குச் சோதனை என்று கேட்டறிந்து, படிப்பகத்துக் கரும்பலகையில் எழுதிப் போடுங்கள். மாதர் பிரிவினர் வீடுவீடாகச் சொல்லட்டும். முப்பதைத் தாண்டிய பெண்கள் நாலைந்து பேராகச் சேர்ந்து போகட்டும். கணவன்மார் கூடவே போய் வாசலில் காத்திருக்கலாம். கைக்குழந்தை இருந்தால், அந்த அரைமணி நேரம் அதை அவர்கள் தூக்கிவைத்துக் கொள்ளட்டும்.