ஐஸ்கிரீம் வண்டியும் அட்டவணையில் இல்லாத விபத்தும்

பள்ளி விடும் நேரத்தில் வாயிலுக்கு எதிரே, சாலையின் மறுபக்கத்தில் ஐஸ்கிரீம் தள்ளுவண்டி நிற்பது இந்திய நகரங்களின் அன்றாடக் காட்சி. டெல்லியானாலும் அகமதாபாத் ஆனாலும் வண்டியின் நிறமும் குடையில் அச்சிட்ட நிறுவனப் பெயருமே மாறுகின்றன. அவ்வண்டியை நோக்கி ஓடும் குழந்தை அடிபட்டால், அந்த விபத்து எந்தப் பெயரில் பதிவாகிறது?

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கைப்படி 2022இல் சாலை விபத்துகளில் இறந்த 1,68,491 பேரில் 32,825 பேர் பாதசாரிகள். இறந்தவரின் வயது, மோதிய வாகனம், சந்திப்பின் வகை, வானிலை எனப் பல அட்டவணைகள் அவ்வறிக்கையில் உள்ளன. மழை பெய்ததா என்பது தெரிந்துவிடும். குழந்தை எதை நோக்கி ஓடியது என்பது தெரியாது.

அமெரிக்காவில் 1971இல் ஸ்னைடர், நாப்லாக் என்னும் ஆய்வாளர்கள் நகர்ப்புறப் பாதசாரி விபத்துகளை நிகழ்ந்த விதத்தைக் கொண்டு வகைப்படுத்தினர். ஐஸ்கிரீம் வண்டியருகே நிகழும் விபத்து அவர்களது பட்டியலில் தனி வகையாக இடம்பெற்றது. பெயர் கிடைத்த பின்னரே சட்டம் வந்தது. டெட்ராய்ட் நகரம் 1976இல் இயற்றிய விதியின்படி, வண்டியில் மின்னும் விளக்குகளும் பக்கவாட்டில் நீளும் தடுப்புக் கையும் இருக்க வேண்டும். அவை இயங்கும்போது பிற வாகனங்கள் நின்ற பிறகே கடக்க வேண்டும். அவ்வகை விபத்துகள் 77 விழுக்காடு குறைந்ததாக 1978இல் வெளியான மதிப்பீடு காட்டியது.

அவ்விதியை அப்படியே இங்கு இறக்குமதி செய்வது வீண். இங்குள்ள வண்டி பெரும்பாலும் மோட்டார் வாகனம் அன்று; ஒருவர் தள்ளும் பெட்டி அல்லது மூன்று சக்கர மிதிவண்டி. சிவப்பு விளக்குக்கே நிற்காத போக்குவரத்து ஒரு குல்ஃபி வண்டிக்கு நிற்கும் என்று எதிர்பார்ப்பது பகற்கனவு. ஆயினும் டெட்ராய்ட் ஆபத்தைச் சரியாக இனங்கண்டது: ஆபத்து வண்டியில் இல்லை, வண்டிக்கும் குழந்தைக்கும் இடையே ஓடும் சாலையில் உள்ளது.

அந்த இடைவெளியில் நிகழ்வதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வாகனம், ஓட்டுநர் அபாயத்தை உணர ஒரு நொடி ஆனாலும், நிற்பதற்குள் ஏறத்தாழ 28 மீட்டர் கடந்துவிடும். 30 கிலோமீட்டர் வேகமெனில் 13 மீட்டரே. வரிசையாக நிறுத்தப்பட்ட ஆட்டோக்களுக்கு நடுவிலிருந்து வெளிப்படும் ஏழு வயதுக் குழந்தையை ஓட்டுநர் 28 மீட்டருக்கு முன்பே காண வழியில்லை. போகும்போது குழந்தையின் பார்வை வண்டியின் மேல். திரும்பும்போது உருகும் குச்சியின் மேல்.

“பெற்றோர் சொல்லி வளர்க்க வேண்டும்” என்பது வழக்கமான விடை. சுவீடன் நாட்டு உளவியலாளர் ஸ்டீனா சாண்டெல்ஸ் 1968இலேயே இதை மறுத்தார். சிறு குழந்தையின் பார்வையும் கேட்டலும் கவனமும் போக்குவரத்துக்கு ஏற்ப இன்னும் முதிர்வதில்லை. ஆகவே சூழலையே குழந்தைக்கு ஏற்ப மாற்ற வேண்டும் என்பது அவரது முடிவு.

நகராட்சிகளுக்கோ எளிதான வழி ஒன்று உண்டு: வண்டிகளை விரட்டிவிடுவது. விரட்டப்பட்டவர் அடுத்த தெருமுனையில் நிற்பார். குழந்தைகள் அங்கும் ஓடுவார்கள். கூடுதலாக ஒரு குடும்பத்தின் ஒரு நாள் கூலி போகும். 2014ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டம் 30 நாள் முன்னறிவிப்பின்றி எவரையும் அகற்றக் கூடாது என்கிறது. அதே சட்டம் அமைத்த நகர விற்பனைக் குழுவில் 40 விழுக்காட்டுக்குக் குறையாமல் வியாபாரிகளின் பிரதிநிதிகள் இருக்க வேண்டும்; போக்குவரத்துக் காவல்துறைக்கும் இடமுண்டு. பள்ளிகளுக்கென்று தனி இடம் சட்டத்தில் இல்லை. அவர்களையும் அழைத்துப் பேசினால், பள்ளி வாயில் உள்ள பக்கத்திலேயே, நடைபாதையை ஒட்டி, சாலைப்புறம் கம்பித்தடுப்புடன் வண்டிகளுக்கு இடம் ஒதுக்க முடியும். விற்பனை கூடுமே தவிரக் குறையாது. சாலையைக் கடக்கும் தேவையோ பெரும்பாலும் மறையும். குடியிருப்புத் தெருக்களில் நகர்ந்துகொண்டே மணியடிப்பதை விடுத்து, நின்ற பின் மணியடிப்பதும் பயன் தரும். குடையில் தன் பெயரை அச்சிடும் நிறுவனம் ஒளி பிரதிபலிக்கும் பட்டைகளையும் ஒட்டித் தரலாம். அச்செலவை விற்பவர் தலையில் கட்டுவது நியாயமன்று.

இவற்றுக்கெல்லாம் முன்னதாகத் தரவு வேண்டும். ஐஐடி மெட்ராஸும் தேசியத் தகவல் மையமும் உருவாக்கிய ஒருங்கிணைந்த சாலை விபத்துத் தரவுத்தளத்தில் காவலர்கள் விபத்து விவரங்களை நிகழ்விடத்திலிருந்தே கைப்பேசிச் செயலியில் பதிகின்றனர். அருகில் விற்பனை வண்டி நின்றதா, சாலையின் எந்தப் பக்கம் நின்றது என்னும் இரு வினாக்களை அதில் சேர்க்கப் புதிய சட்டம் தேவையில்லை. அதுவரை, போக்குவரத்துப் பொறியியலும் சமூகவியலும் பயிலும் மாணவர்கள் ஒரு பள்ளி வாயிலில் ஒரு வாரம் நின்று, வண்டிக்காக எத்தனை குழந்தைகள் சாலையைக் கடக்கிறார்கள் என்று எண்ணத் தொடங்கலாம்.