குடித்தன வீடு வாங்குமுன்

ஓய்வு பெற்றவருக்குப் பணிக்கொடை வந்து சேர்ந்ததும், வளைகுடா நாட்டில் உழைக்கும் மகன் சில ஆண்டுகள் பணம் அனுப்பியதும், நம் குடும்பங்களில் தவறாமல் எழும் வினா ஒன்று உண்டு: "இத்தொகையை எதில் போடுவது?" தங்கம், வங்கி வைப்பு, மனை என்று பேச்சு சுற்றி வந்து, "நாலைந்து குடித்தனம் உள்ள வீடு ஒன்றை வாங்கிப் போட்டால் மாதந்தோறும் வாடகை வருமே" என்பதில் முடியும்.

இவ்வெண்ணம் தவறானதன்று. முதுமையில் பிள்ளைகளின் கையை எதிர்பாராமல் வாழ விரும்புவது நல்ல விருப்பமே. எனினும், கோபுரம் கட்டத் தொடங்கி முடிக்க இயலாமல் ஊரார் நகைப்புக்கு ஆளான மனிதனைப் பற்றி லூக்காஸ் நற்செய்தி 14-ஆம் அதிகாரத்தில் நாம் வாசிக்கிறோம். அவன் கட்ட நினைத்தது குற்றமில்லை. உட்கார்ந்து கணக்குப் பாராததே குற்றம். எனவே முதன்முறையாகக் குடித்தன வீடு வாங்க எண்ணுவோர் எவ்வாறு கணக்குப் பார்க்க வேண்டும் என்பதை இம்மாதம் சிந்திப்போம்.

முதலில், தரகர் கூறும் வாடகை உண்மைதானா என்று அறிய வேண்டும். விற்பவர் தம் உறவினரையே குடிவைத்து, வாடகையை உயர்த்திக் காட்டுவதும் உண்டு. அக்கம்பக்கத்து மூன்று தெருக்களில் அதே அளவுள்ள வீட்டுக்கு என்ன கொடுக்கிறார்கள் என்று விசாரியுங்கள். ஒவ்வொரு குடித்தனத்துக்கும் தனி மின் இணைப்பு இருந்தால், கடந்த ஓராண்டு மின்கட்டண விவரத்தைக் கேட்டுப் பாருங்கள். பல மாதங்கள் பூட்டிக் கிடந்த வீட்டை மின் அளவு மறைக்காமல் காட்டிக் கொடுக்கும்.

குடியிருப்போர் எத்தொழிலை நம்பி வாழ்கின்றனர் என்பதும் முக்கியம். திருப்பூர் போன்ற நகரங்களில் பனியன் தொழிலாளருக்கென்றே கட்டப்பட்ட வரிசை வீடுகள் பல உள்ளன. 2020-ஆம் ஆண்டு பெருந்தொற்றின்போது வெளிமாநிலத் தொழிலாளர் ஊர் திரும்பவே, இத்தகைய வீடுகள் பலவற்றில் வாடகை நின்றது. ஒரே தொழிலை நம்பிய ஊரில் ஒரு வீடு காலியாகும்போது ஒன்பது வீடுகளும் உடன் காலியாகக் கூடும்.

இனிக் கணக்குக்கு வருவோம். எடுத்துக்காட்டாக, ஆறு குடித்தனங்கள் உள்ள வீட்டின் விலை 90 இலட்சம் ரூபாய் என்றும், ஒவ்வொன்றின் வாடகை 7,000 ரூபாய் என்றும் கொள்வோம். ஆண்டு வாடகை 5,04,000 ரூபாய். "நூற்றுக்கு ஐந்தரைக்கு மேல் கிடைக்கிறது" என்பார் தரகர். அவர் சொல்லாது விடுவதை நாம் எழுதிப் பார்க்க வேண்டும்.

தமிழ்நாட்டில் முத்திரைத் தீர்வை 7 விழுக்காடும் பதிவுக் கட்டணம் 2 விழுக்காடுமாக, கிரயத்துக்கு மேல் 8,10,000 ரூபாய் ஆகும். அரசு வழிகாட்டி மதிப்பு கிரயத்தை விட உயர்ந்திருப்பின் அம்மதிப்பின்மீதே தீர்வை கணக்கிடப்படும். வாங்கியவுடன் செய்ய வேண்டிய பழுதுபார்ப்புக்கு 1,90,000 ரூபாய் சேர்த்தால், நம் முதல் ஒரு கோடி ஆகிவிடுகிறது. வரவிலோ, ஒவ்வொரு குடித்தனமும் ஆண்டில் ஒரு மாதம் காலியாக இருக்கும் என்று 42,000 ரூபாயைக் கழிக்க வேண்டும். சொத்துவரி, குடிநீர் வரி, சுண்ணாம்பு, மராமத்து, மோட்டார், கழிவுநீர்த் தொட்டி, காப்பீடு ஆகியவற்றுக்கு 1,22,000 ரூபாய் என்று வைத்தால், எஞ்சுவது 3,40,000 ரூபாய். அதாவது நூற்றுக்கு 3.40 மட்டுமே. வருமான வரி இதற்குப் பின்னரே வருகிறது. அதில் சொத்துவரி போக உள்ள வாடகையில் 30 விழுக்காட்டைக் கழித்துக்கொள்ளச் சட்டம் இடமளிக்கிறது.

இதில் 50 இலட்சத்தை 9 விழுக்காடு வட்டிக்கு 20 ஆண்டுக் கடனாகப் பெற்றால் மாதத் தவணை ஏறத்தாழ 45,000 ரூபாய். வீடு தரும் நிகர வரவோ மாதம் 28,000 ரூபாய்தான். எஞ்சிய 17,000 ரூபாய் மாதந்தோறும் நம் கையிலிருந்து போக வேண்டும். மகன் வேலையிழந்து திரும்பினாலும் அத்தவணையைக் கட்ட இயலுமா? வீட்டின் விலை பிற்காலத்தில் ஏறலாம். அந்த நம்பிக்கையை இம்மாதத் தவணைக்குக் கொடுக்க முடியாது.

அடுத்தது பத்திரங்கள். 30 ஆண்டுக்கேனும் வில்லங்கச் சான்று வாங்கிப் பார்ப்பது யாவரும் அறிந்ததே. ஆனால் பதிவான ஆவணங்களையே அச்சான்று காட்டும். பதிவு செய்யாத உயிலோ உடன்படிக்கையோ அதில் வராது. ஆகவே மூலப் பத்திரங்களைக் கண்ணால் கண்டு, நல்ல வழக்கறிஞர் ஒருவரிடம் காட்டுங்கள். பட்டாவும், உள்ளாட்சி அனுமதித்த வரைபடமும் தேவை. இரண்டு வீட்டுக்கு அனுமதி பெற்று ஆறாகத் தடுத்துக் கட்டியிருந்தால், அத்தொல்லை வாங்குபவருக்கே வரும்.

நம் மக்களிடையே வாங்குவோர் மற்றொன்றையும் கவனித்தல் வேண்டும். 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி, கிறிஸ்தவர் ஒருவர் மனைவியையும் மக்களையும் விட்டு உயில் எழுதாமல் இறந்தால், மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கும், மீதி மக்கள் அனைவருக்கும் சமமாகவும் சேரும். ஆண், பெண் என்ற வேறுபாடு அதில் இல்லை. "சகோதரிகளுக்குச் சீர் செய்து கட்டிக் கொடுத்தாயிற்று" என்று கூறி ஆண்மக்கள் மட்டும் கையெழுத்திடும் கிரயம் பின்னாளில் வழக்காக முடியக் கூடும். சகோதரிகளின் கையெழுத்தைக் கேட்பது நமக்குப் பாதுகாப்பு, அவர்களுக்கு நீதி.

குடியிருப்போர் கொடுத்துள்ள முன்பணத்தையும் எழுத்தில் பெறுங்கள். அது திருப்பித் தரவேண்டிய கடன். விலையில் கழிக்க வேண்டியது. எவரேனும் ஒத்திக்கு இருக்கிறார்களா என்றும் கேளுங்கள். ஒத்தி வீட்டில் வாடகை வராது; தவணை முடிந்ததும் பெருந்தொகையைத் திருப்பிக் கொடுக்கவும் வேண்டும்.

இவையெல்லாம் ஆனபின், குடியிருக்கும் மக்களிடம் சென்று பேசுங்கள். கோடையில் தண்ணீர் வருகிறதா, ஐப்பசி மழையில் கூரை ஒழுகுகிறதா, கழிவுநீர்த் தொட்டி எத்தனை மாதத்துக்கு ஒருமுறை நிரம்புகிறது என்பவற்றைத் தரகரைவிட அவ்வீட்டுத் தாய்மார்களே நன்கறிவர். கட்டடத்தின் உண்மை நிலை அவர்கள் வாயிலிருந்துதான் வரும்.

அங்கே நாம் இன்னொன்றையும் காண்போம். நாம் கணக்கில் எழுதிய 7,000 ரூபாய் ஒரு தையற்காரருடைய பல நாள் உழைப்பு. ஒரு விதவைத் தாய் சீட்டுக் கட்டாமல் எடுத்து வைத்த பணம். நீதி, அமைதிக்கான பாப்பிறை ஆணைக்குழு வீட்டுப் பிரச்சினை குறித்து 1987-ஆம் ஆண்டில் ஓர் ஏட்டை எழுதியது. தன் குற்றமின்றித் தகுந்த உறைவிடம் இல்லாதிருக்கும் குடும்பம் அநீதிக்கு உள்ளான குடும்பம் என்பது அதன் கருத்து. 2019-ஆம் ஆண்டு முதல் தமிழ்நாட்டில் நடைமுறையிலுள்ள வாடகைச் சட்டமும், எழுத்துமூல ஒப்பந்தமும் அதன் பதிவும் வேண்டும் என்கிறது. வேறு உடன்பாடு இல்லாவிடில், மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கேட்க இடமில்லை என்கிறது.

ஆகவே கணக்கின் இறுதியில் ஒரு வினாவைச் சேர்த்துக் கொள்ளுங்கள்: இன்றைய நியாயமான வாடகையில், மராமத்தைத் தள்ளிப் போடாமல், இவ்வீடு தன் செலவைத் தானே தாங்குமா? "வாடகையை ஆயிரம் ஏற்றினால் தாங்கும், தொட்டியைச் சுத்தம் செய்யாவிடில் தாங்கும்" என்பது விடையானால், நாம் கொடுக்கவிருக்கும் விலை மிகுதி என்பதே பொருள். அம்மிகுதியைக் குடியிருக்கும் ஏழைகளிடம் வாங்கி ஈடுசெய்யலாகாது. விலையைக் குறைத்துக் கேளுங்கள். குறையாவிடில் வேறு வீடு பாருங்கள். அவசரப்பட்டு முன்பணம் கொடுத்து வருந்துவதைவிட, ஆறு மாதம் வங்கியில் பணத்தை வைத்துக் காத்திருப்பதில் இழப்பு அதிகமில்லை.

கணவனும் மனைவியும் ஒருங்கே அமர்ந்து, ஒரு தாளில் இவற்றை எழுதிப் பார்த்த பிறகே முன்பணம் கொடுப்பார்களாக. வாங்கிய வீட்டுக்கு உயில் எழுதி வைப்பதன் தேவை குறித்து வரும் மாதம் எழுதுவோம்.