ட்ரவுட் தூண்டிலுக்குக் கவுதாரி இறகு எதுக்கு?

1/ "டாக்டர், உங்க அரியக்குடிப் பக்கம் கவுதாரி நிறைய இருக்குமே, கொஞ்சம் இறகு கிடைக்குமா?" ஊட்டிக்கு ட்ரவுட் பிடிக்கப் போற நண்பர்கள் சிலர் கேட்டிருக்காங்க. என் பதில்: கிடைக்காது, தேவையும் இல்லை. ஏன்னு சொல்றேன்.

2/ எங்க கண்மாய்கள்ல ட்ரவுட் கிடையாது, கெண்டை, விரால்தான். ட்ரவுட்டுக்குக் குளிர்ந்த ஓடை வேணும். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்துல எச்.சி. வில்சன் எடுத்த முயற்சியாலதான் அது நீலகிரியில நிலைச்சது. குஞ்சு பொரிப்பகம் இருக்கிறது அவலாஞ்சியில.

3/ இந்த மீனுக்குப் போடுற 'சாஃப்ட் ஹேக்கிள்' தூண்டில் ரொம்ப எளிமையானது. கொக்கியில பட்டு நூல் உடம்பு, கழுத்துல ஒரு மெல்லிய இறகு. தண்ணிக்குள்ள அந்த இறகு பூச்சியோட கால் மாதிரி அசையும். இங்கிலாந்து, ஸ்காட்லாந்துல இதுக்குக் கவுதாரி இனப் பறவையோட இறகு பிரபலம். அதைப் பார்த்துதான் நம்மாளுங்களும் கேட்கிறாங்க.

4/ நம்ம ஊர்ல கவுதாரியை வேட்டையாடுறது 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். ஒரு தூண்டிலுக்காக அந்த வேலை வேண்டாம்.

5/ "கோழி இறகு சீக்கிரம் பிஞ்சுடுமே?" மெல்லிய இறகு எதுவா இருந்தாலும், வெறுமனே சுத்துனா ட்ரவுட் பல்லு பட்டதும் தண்டு அறுந்து மொத்தமா அவிழ்ந்துடும். குறை பறவையில இல்லை, கட்டுற முறையில.

6/ ஸ்காட்லாந்துக்காரர் டபிள்யூ.சி. ஸ்டூவர்ட் 1857-லயே தன் புத்தகத்துல வழி சொல்லிட்டார்: இறகுத் தண்டையும் நூலையும் ஒண்ணா முறுக்கி, சேர்த்தே சுத்தணும். அப்போ நூல்தான் பல்லைத் தாங்கும். ரெண்டு மூணு சுத்து போதும். அடர்த்தியானா அசைவு போயிடும்.

7/ இறுக்கிக் கட்டுனா பலம்னு நினைக்காதீங்க. காயத்துல தையலை அதிகமா இறுக்குனா விளிம்புக்கு ரத்த ஓட்டம் குறைஞ்சு, நூலே சதையை அறுத்துட்டு வந்துடும். இங்கேயும் அப்படித்தான், இறுக்குற நூலே தண்டை வெட்டும். நூல்ல தேன்மெழுகு தடவுங்க, வழுக்காது. கடைசி முடிச்சோட நுனி சுத்துகளுக்கு அடியில புதையணும்.

8/ நாட்டுக்கோழிப் பெட்டையோட கழுத்து இறகு போதும். சோப்புத் தண்ணியில அலசி, நல்லா காயவச்சு எடுங்க. கையையும் கழுவிடுங்க, கோழியில சால்மோனெல்லா இருக்கலாம்.

9/ கிளம்புறதுக்கு முன்னாடி மீன்வளத் துறை, வனத்துறை அனுமதி விசாரிச்சுக்குங்க. கட்டுறதுல சந்தேகம்னா கீழே கேளுங்க. டூட்டி முடிஞ்சு பதில் போடுறேன்.